அக்காவின் வண்டியில் ஒரு சத்தம்

மோதிரம் கழன்று சுவர்க் கொக்கிக்குப் போயிற்று. அடுத்தது கைக்கடிகாரம், அதற்கடுத்தது இடுப்பு வார். எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர் மாதிரி உடம்பிலிருக்கும் உலோகத்தையெல்லாம் இறக்கிவைத்துவிட்டுத்தான் அவர் ஒரு காருக்குப் பக்கத்தில் போவார். கால்சட்டை நழுவாமலிருக்க நாடா. சட்டையை முன்பின் மாற்றிப் போட்டிருப்பார். பொத்தான்கள் முதுகில் வரிசையாக இறங்கும். வண்டியில் சாய்ந்து வேலை செய்யும்போது பொத்தான் உரசிப் பெயிண்டில் கோடு விழுந்துவிடக் கூடாதாம். முதுகுப் பொத்தானுக்கு அவர் கை எட்டாது என்பதால் காலையில் மனைவி போட்டு அனுப்புவார். வீட்டில் மனஸ்தாபம் என்றால் அன்றைக்கு நடுப் பொத்தான் மட்டும்தான் போட்டிருக்கும். அதைப் பார்த்துத் தெருவே புரிந்துகொள்ளும்.

கடைசியாக ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு வருவார். முட்டி போட, படுத்துக்கொண்டு கையை உள்ளே விட, கழற்றிய ஸ்குரூக்கள் உருண்டு ஓடாமல் வைக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே தலையணைதான். கடைக்குப் பெரிய எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ‘தலகாணி கடை’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். அதை நம்பி மெத்தை வாங்க வந்து விழித்தவர்களும் உண்டு. அவர்களையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

அந்தக் கடைக்கு மேல் மாடியில் நான் குடியிருக்கிறேன். புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. வீட்டிலேயே வேலை. என் படிக்கட்டு நேராக அவர் முற்றத்தில் இறங்குகிறது. எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தால் படியில் வந்து உட்கார்ந்துகொள்வேன். என்னை அவர் ‘மாடிக்காரரே’ என்பார். நான் அவரை ‘அண்ணே’ என்பேன்.

கடையில் சீட் உறை இருக்கிறது, கால்மிதி இருக்கிறது, கதவு விளிம்பில் ஒட்டும் ரப்பர் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் தேடி வருவது மட்ஃபிளாப் மாட்டத்தான். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு, சேறும் கல்லும் தெறித்து வண்டியின் பக்கவாட்டில் அடிக்காமல் தடுக்கிறதே, அந்தக் கறுப்புப் பட்டை. பார்த்தால் அற்பப் பொருள். மற்ற கடைகளில் டிரில்லை எடுத்து விளிம்பில் ரெண்டு ஓட்டை போட்டு முடுக்கி அனுப்பிவிடுவார்கள். இவர் கடையில் டிரில்லே கிடையாது. வண்டியின் தகட்டை அவர் ‘உடம்பு’ என்றுதான் சொல்வார். “உடம்புல ஓட்டை போட்டா அங்கேருந்துதான் துரு ஏறும். கம்பெனிக்காரன் போட்ட ஓட்டை உள்ளேயே இருக்கறப்ப நாம எதுக்குப் புதுசாப் போடணும்?”

ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்துவைப்பார். முன்சக்கரம் திரும்பிக்கொண்டு உள்ளே கை போக இடம் விடும். சக்கரத்துக்கு மேலிருக்கும் வளைவில், கம்பெனியிலேயே முடுக்கியிருக்கும் ஸ்குரூக்களை டார்ச் அடித்துக் கண்டுபிடிப்பார். பிறகு தண்ணீர், ஈரத்துணி, உலர்ந்த துணி, கடைசியில் சுட்டுவிரல். விளிம்பு நெடுக விரலை ஓட்டும்போது ஒரு மணல் பொடி தட்டுப்பட்டாலும் மறுபடி தண்ணீரிலிருந்து ஆரம்பம். பட்டைக்கும் பெயிண்டுக்கும் நடுவில் அந்தப் பொடி மாட்டிக்கொண்டால் வண்டி ஓட ஓட அங்கேயே கிடந்து அரைக்கும் என்பார். துடைத்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய ஒட்டுத்தாள், அதன்மேல் பட்டை. ஸ்குரூக்களை முதலில் கையாலேயே பாதி ஏற்றுவார். எல்லாம் பாதி ஏறிய பிறகுதான் திருப்புளி. அதுவும் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம். ஒன்றையே ஒரேயடியாக முடுக்கினால் பட்டை கோணிக்கொள்ளும். எல்லாம் முடிந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பி, டயர் பட்டையில் முட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

தெருவில் நிறுத்தியிருக்கும் யார் காராக இருந்தாலும் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்க்காமல் அவரால் தாண்டிப் போக முடியாது. ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் மேலிருந்து பார்த்துத் திருடன் என்று இறங்கி வந்துவிட்டார். இவர் பயப்படவில்லை. அவரையும் பக்கத்தில் குந்தவைத்து, ஓட்டை போட்ட இடத்தில் துரு படர்ந்திருப்பதைக் காட்டியிருக்கிறார். கடைசியில் அந்த வீட்டிலேயே டீ குடித்துவிட்டு வந்தார். இத்தனைக்கும் இவர் போகவர வைத்திருப்பது ஒரு சைக்கிள். அதற்கு மட்கார்டு உடைந்துபோய் வெகுகாலமாகிறது. மழை நாட்களில் பின்சக்கரத்துச் சேறு அவர் முதுகுப் பொத்தான்களின் மேல் ஒரு கோடாக ஏறியிருக்கும். ஏன் மாட்டவில்லை என்று கேட்டால், “அதானே” என்று நம்மோடு சேர்ந்து ஆச்சரியப்படுவார்.

காரைப் பொறுத்தவரை இவ்வளவு நிச்சயமாக இருக்கும் மனிதர், காரை விட்டு நாலடி நகர்ந்தால் குழம்பிப்போவார். முக்கியமாக இடது வலதில். காருக்கு வலது என்றால் ஓட்டுகிறவர் உட்கார்ந்து பார்க்கிற வலது; எதிரே நின்று பார்த்தால் அது இடது. தொழிலுக்காக இதை மனதில் ஏற்றிக்கொண்டவர், அதை உலகம் முழுவதற்கும் விரித்துவிட்டார். பல் டாக்டர் எந்தப் பக்கம் வலி என்று கேட்டதற்கு, எனக்கு இடதா, உங்களுக்கு இடதா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். டாக்டரும் குழம்பி ரெண்டு பக்கமும் தட்டிப் பார்த்தாராம். முடிவெட்டுகிறவர் கண்ணாடி முன்னால் அவரிடம் வகிடு எந்தப் பக்கம் என்று கேட்பதை நிறுத்திவிட்டார். “எனக்கே ஒண்ணும் பிடிபடல” என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அதைச் சொல்லும்போது முகத்தில் வெட்கம் இருக்காது. இன்றைக்கு மேகமூட்டம் என்று சொல்வது மாதிரி சொல்வார்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் சாம்பல் நிறச் சின்னக் கார் ஒன்று முற்றத்துக்குள் வந்து நின்றது, கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி நின்றது. ஓட்டப் பழகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்பது அதிலேயே தெரிந்தது. மூக்குக் கண்ணாடி போட்டு, நரைத்த தலையை இறுக்கிப் பின்னியிருந்த ஓர் அம்மாள் இறங்கினார். நம்மவர் வேறொரு வண்டிக்கடியில் படுத்திருந்தார். அங்கிருந்து அவருக்கு அந்த அம்மாளின் கால் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

“நாலு சக்கரத்துக்கும் மட்ஃபிளாப் மாட்டணும். வண்டியில ஓட்டை போடக் கூடாது. நீங்கதானே மாட்டறீங்க?” என்றார் அந்த அம்மாள்.

அடியிலிருந்து ஒரு ஸ்குரூ விழுந்து உருளுவது கேட்டது. அவர் ஸ்குரூவை நழுவவிட்டு நான் பார்த்ததில்லை. பிறகு மெல்ல வெளியே நகர்ந்து வந்து, எழுந்து நின்று, “நான்தான் மாட்டறேன். உக்காருங்க” என்றார்.

அன்றைக்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. துடைத்த இடத்தையே துடைத்தார். அந்த அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாதாரணமாக நம்மவர் வேலை செய்துகொண்டே ஓட்டை, துரு, மணல் பொடி என்று வாடிக்கையாளர் காதைத் துளைத்துவிடுவார். அன்று மூச்சு விடவில்லை. முடிந்ததும் அந்த அம்மாள் நாலு பட்டைகளையும் குனிந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். போய்விட்டார்.

தலையணையைக் கையில் பிடித்தபடி இவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரண்ணே என்று கேட்டேன்.

“எங்க அக்கா” என்றார். “கூடப் பிறந்த அக்கா.”

கூடப் பிறந்த தம்பியை யாராவது ‘நீங்க’ என்பார்களா? அவரும் அதிலேயேதான் நின்றுகொண்டிருந்தார். “நீங்கன்னு சொல்லிச்சு, கேட்டீங்களா? சரி, அது சொல்லிச்சு. நான் எதுக்கு உக்காருங்கன்னேன்? எனக்கே ஒண்ணும் பிடிபடல” என்றார்.

அன்று மத்தியானம் வேலை ஓடாமல் என் படியில் வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் வீட்டைத் தூக்கி நிறுத்தியது அக்காதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. காதில் விழுந்ததை ஓரெழுத்து மாறாமல் மறுமுனைக்குச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே பழக்கம். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை நாடாவில் பதிந்த மாதிரி திருப்பிச் சொல்வாராம். தம்பி என்றால் உயிர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரெண்டு பேரும் மாறி மாறித்தான் கூட இருந்தார்கள். அம்மா போன பிறகு அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, பாகப்பிரிவினைத் தகராறு இல்லை. ஏன் என்றே தெரியவில்லை. போன் செய்தால் அக்காவின் கணவர், மாமாதான் எடுப்பார், அவள் குளிக்கிறாள் என்பார். காலையில் செய்தாலும் குளியல், சாயங்காலம் செய்தாலும் குளியல். “எங்க அக்கா மாதிரி குளிச்சவங்க உலகத்துலயே இருக்க மாட்டாங்க” என்றார். நேரில் போனாலும் மாமா வாசலிலேயே நின்று, தோளில் கை போட்டு, நாலு வார்த்தை பேசி அனுப்பிவிடுவார். மாமாவுக்கும் காரணம் தெரியாது, பாவம். போகப் போக இவரும் போவதை விட்டுவிட்டார். மாமாவுக்குப் பார்வை மங்கி வண்டி ஓட்ட முடியாமல் போனதும், அந்த வயதில் அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டதும்கூட யாரோ சொல்லித்தான் இவருக்குத் தெரியும்.

வீடு கடைக்குப் பின்பக்கம். அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணி கேட்டது ஒரே கேள்விதான். “வண்டிக்காக வந்தாங்களா, உங்களுக்காக வந்தாங்களா?” அவர் யோசித்து, வண்டிக்காகத்தான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வண்டிக்காக என்றால் வழியில் எத்தனையோ கடை இருக்கிறதே என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, ஆனால் அங்கெல்லாம் ஓட்டை போட்டுவிடுவார்களே என்றார். அன்று முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே சாம்பல் நிறக் கார் திரும்பி வந்தது. வளைவில் திரும்பும்போது பின்சக்கரத்தில் ஒரு சத்தம் வருகிறது என்றார் அக்கா. இவர் படுத்துப் பார்த்தார், பட்டையை ஆட்டிப் பார்த்தார், டயருக்கும் பட்டைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. நின்றால் வராது, ஓடும்போதுதான் வரும், ஓட்டிக் காட்டுகிறேன் என்றார் அக்கா. இவர் முன்கதவு வரைக்கும் போனார். தயங்கினார். பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சக்கரத்துச் சத்தத்தைக் கேட்கப் பின்சீட்டுதானே சரி என்று பிற்பாடு என்னிடம் நியாயம் சொன்னார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

வண்டிக்குள் நடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அக்காவுக்கு வலது பக்கம் திரும்பப் பயம். எதிரே வருகிற வண்டிகளுக்குக் குறுக்கே போக வேண்டியிருக்கிறதே. அதனால் இடது பக்கமே திரும்பித் திரும்பி அதே தெருக்களைச் சுற்றியிருக்கிறார்கள். பழக்கடை வந்தது, தபால் பெட்டி வந்தது, பூட்டிய அச்சகம் வந்தது, மறுபடி பழக்கடை வந்தது. பழக்கடைக்காரர் இவர்களைப் பார்த்துக் கையாட்ட ஆரம்பித்துவிட்டார். சத்தம் எதுவும் இல்லை. எங்கே வருகிறது என்று இவர் கேட்டதற்கு, இப்போது வரும் என்றார் அக்கா. அச்சகத்தைத் தாண்டும்போது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“டாக்டர்கிட்ட ஏன் அப்படிக் கேட்டே?”

‘கேட்டே’ என்ற சொல்தான் இவர் காதில் விழுந்தது. ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கேள்வி என்னவென்றே கவனிக்கவில்லை. எந்த டாக்டர், பல் டாக்டரா என்று கேட்டுவிட்டார்.

“அம்மாவைப் பாத்த டாக்டர். கட்டில் பக்கத்துலயே நின்னுக்கிட்டு, ‘இன்னும் எத்தனை நாள் இழுக்கும்’னு கேட்டே. நான் கதவுகிட்ட நின்னேன். அம்மா முழிச்சுத்தான் இருந்தா.”

அதற்குப் பிறகு பழக்கடைக்காரர் கையாட்டியபோது யாரும் திருப்பி ஆட்டவில்லை. கார் கடை வாசலில் வந்து நின்றது. இவர் இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினார். கார் போய்விட்டது. நான் படியிலிருந்து பார்த்தபோது முற்றத்தின் நடுவில் தூறலில் நனைந்துகொண்டு நின்றார். உள்ளே வாருங்கள் அண்ணே என்று கூப்பிட்டேன். எந்தப் பக்கம் உள்ளே என்று தெரியாதவர் மாதிரி பார்த்தார்.

அடுத்த சில நாட்கள் அவர் கை அவரிடம் இல்லை. ஒரு வண்டிக்கு இடது பட்டையை வலதில் வைத்துக்கொண்டு, ஏன் ஓட்டையும் ஓட்டையும் சேரவில்லை என்று விழித்துக்கொண்டே இருந்தார். வண்டிக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, பட்டையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார். சட்டையை ஒருநாள் நேராகவே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அண்ணி ஓடி வந்து மாற்றிவிட்டுப் போனார்.

அண்ணிதான் வழியைக் கண்டுபிடித்தவர். மாமியாருக்குக் கடைசி நாட்களில் நெஞ்சு கர்கர் என்று இழுத்துக்கொண்டே இருந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. “நீங்க மூச்சு இழுக்கறதைத்தான் கேட்டிருப்பீங்க. இன்னும் எத்தனை நாள் இப்படி இழுக்கும், எப்ப அடங்கும்னு கேட்டிருப்பீங்க. அவங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. போய்ச் சொல்லுங்க, தீர்ந்தது” என்றார். அவர் தலையாட்டினார். போகவில்லை. என் அறைக்கு வந்தார்.

மாடிக்கு அவர் வந்ததே அதுதான் முதல் தடவை. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, “மாடிக்காரரே, நீங்க எழுத்துப் பாக்கறவர்தானே? ‘இழுக்கும்’னா என்ன அர்த்தம்?” என்று கேட்டார்.

அகராதியை எடுத்துப் பிரித்தேன். கயிறு இழுப்பது இருந்தது, வண்டி இழுப்பது இருந்தது, வம்புக்கு இழுப்பது, வலிப்பில் கைகால் இழுப்பது, மூச்சு இழுப்பது, நாளை இழுத்தடிப்பது எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சாகக் கிடக்கிறவரின் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டிருப்பதும் இருந்தது. கொஞ்சம் தயங்கி அதையும் படித்தேன். அதற்கும் தலையாட்டினார். ஒரு மகன் அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று டாக்டரிடம் கேட்டது இதில் எது என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

அண்ணி சொல்வது பொருத்தமாகத்தான் இருக்கிறது, அதையே அக்காவிடம் சொல்லிவிடலாமே என்றேன்.

“ஞாபகம் இருந்தாச் சொல்லிடலாம்” என்றார். “கட்டில் கால் ஒண்ணுல ரப்பர் குப்பி இல்ல. ஆடினாத் தரையைக் கீறிச்சு. கைக்குட்டையை மடிச்சு அடியில குடுத்தேன். அது ஞாபகம் இருக்கு. டாக்டர் போட்டிருந்த செருப்பு ஞாபகம் இருக்கு. நான் என்ன கேட்டேங்கறது மட்டும் இல்ல.”

ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே அவருடைய முற்றம். அதை மேலிருந்து பார்ப்பதும் முதல் தடவையாக இருக்க வேண்டும். யாருடைய இடமோ மாதிரி பார்த்தார்.

“அப்போ தூக்கமே கிடையாது. எப்ப முடியும்னு நினைச்சிருக்கேன். அது நிஜம். அம்மா கஷ்டம் முடியணும்னு நினைச்சேனா, என் கஷ்டம் முடியணும்னு நினைச்சேனா, அது பிடிபடல. நினைச்சதை வாய்விட்டுக் கேட்டிருப்பேனோ? கேட்டிருந்தா, அம்மா காதுல விழுந்திருக்குமோ?”

மெய்ப்பில் எனக்கு ஐயம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். எழுதியவருக்கே தெரியவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் குறி எதுவும் இல்லை. அகராதியை மூடினேன். அவர் படியிறங்கிப் போனார்.

மூன்றாம் முறை கார் வந்தது மழை நின்ற ஒரு முற்பகலில். முற்றத்தில் ஈரம் மட்டும் இருந்தது. அக்கா இறங்கினார். “சத்தம் இன்னும் போகல. பாத்தா நல்லது” என்றார். ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’வும் இல்லை. இரண்டையும் தொடாமல் பேசிவிட்டுப் போகத் தமிழில் வசதி இருக்கிறது.

நான் மெய்ப்புத் தாள்களோடு படியில் இருந்தேன். எழுந்து மேலே போவதுதான் மரியாதை என்று தோன்றியது. போகவில்லை. பின்பக்க வாசலில் அண்ணி வந்து நின்று, அக்காவுக்குத் தெரியாமல் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மூச்சு, மூச்சு என்று உதடு அசைந்தது. இவர் அதைப் பார்த்தார். அண்ணிக்கு நெஞ்சு வலியோ என்று ஒரு கணம் பயந்துபோனதாகப் பின்னால் சொன்னார். பிறகுதான் புரிந்ததாம்.

ஜாக்கியை வைத்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். முட்டி போட்டார். பட்டையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அக்கா நாற்காலிக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். சக்கரத்திடம் சொல்வது மாதிரி இவர் பேச ஆரம்பித்தார்.

“எனக்கு ஞாபகம் இல்லக்கா. உன் காதுல விழுந்துதுன்னா சொல்லியிருப்பேன். அம்மாவுக்கு மூச்சு இழுத்துதே, அதைத்தான் கேட்டிருப்பேன்னு இவ சொல்றா. அப்படியும் இருக்கலாம். ஆனா அதான் நிஜம்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீ நினைச்ச மாதிரியும் இருந்திருக்கலாம்.”

பின்பக்க வாசலில் அண்ணி நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். இத்தனை சுலபமான வழியை மனிதர் கெடுத்துவிட்டாரே என்ற அலுப்பு முகத்தில் தெரிந்தது.

அக்கா கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “மூச்சா?” என்றார்.

அந்த வாக்கியத்தை ஓரெழுத்து மாறாமல் அத்தனை வருஷம் வைத்திருந்தவர் அவர். அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கக்கூடும் என்று அதுவரை தோன்றியதே இல்லை போலிருந்தது. முகம் தெளியவில்லை. மாறாக, புருவம் நெரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, பார்வை எங்கோ நின்றுவிட்டது. நான் தினம் அந்த முற்றத்தில் பார்க்கும் முகம்தான் அது. ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை என்பதே அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

“நீ சொன்ன வார்த்தை அப்படியே காதுல இருக்குடா” என்றார் அக்கா. “அதை நீ எந்தக் குரல்ல சொன்னேங்கறது வரல. மனசுக்குள்ள எத்தனையோ தரம் கேட்டுப் பாத்துட்டேன். வார்த்தைதான் வருது. குரல் இல்ல.”

இவர் தலையை நிமிர்த்தினார். ‘டா’ வந்துவிட்டதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. தெருவில் ஒரு லாரி பின்னால் நகர்ந்தபடி கூவிக்கொண்டே போயிற்று. அது போகும் வரைக்கும் காத்திருந்துவிட்டு இவர், சத்தம் நிஜமாகவே வருகிறதா அக்கா என்று கேட்டார். வருகிறது என்றுதான் நினைக்கிறேன் என்றார் அக்கா. பிறகு, தெரியவில்லை என்றார்.

இவர் உள்ளங்கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டார். அது சுற்றியது. அக்கா கைப்பையை ஈரத்தரையிலேயே வைத்தார். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தம்பிக்குப் பக்கத்தில் குந்தினார்.

“மெதுவாச் சுத்து” என்றார்.

இவர் வேகத்தைக் குறைத்தார். அக்கா தலையைச் சாய்த்துக் காதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார். குனிந்ததில் உடம்பு ஆடியது. விழாமலிருக்க ஒரு கையைத் தம்பியின் தோளில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் பேசாமலிரு என்று காட்டினார்.